சமையல் அளவு மாற்றம்: எடையிலிருந்து கொள்ளளவுக்கு

கிராமில் சொல்லப்பட்ட சமையல் பொருளைக் கப், டம்ளர், கரண்டிக் கணக்கில் அளந்துகொள்வதே சமையல் அளவு மாற்றம். எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே வாய்பாடு இதில் கிடையாது. தண்ணீருக்கு மட்டும் கணக்கு நேரானது: ஒரு மில்லி லிட்டர் ஏறத்தாழ ஒரு கிராம். எண்ணெய் அதைவிட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டின் மேல் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். தேன் லிட்டருக்கு 1,400 கிராமைத் தொடும்.

தானியத்திலும் மாவிலும் கணக்கு சிக்கலாகிறது. அரிசியைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அப்படியிருந்தும் ஒரு கப் அரிசி ஒரு கப் தண்ணீரைவிட எடை குறைவு. கப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இடத்தை மணிகளுக்கு இடையிலுள்ள காற்று பிடித்துக்கொள்வதே காரணம். ஆகவே, பொருளைக் கொட்டிய நிலையில் அதற்குள்ள அடர்த்திதான் இங்கே தேவை. இதைப் பரும அடர்த்தி என்பார்கள். கிராமை இதனால் வகுத்தால் மில்லி லிட்டர் கிடைக்கும்.

240 மி.லி. கப்பில் அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை ஆகியவை 200 கிராமை ஒட்டியே வரும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கு, படியால் அளந்தாலும் தராசில் நிறுத்தாலும் பெரிதாக மாறாதது இதனால்தான்.

மைதா அப்படியல்ல. சலித்த மாவைக் கரண்டியால் கப்பில் மெல்லப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம். அதே கப்பைப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 140, 150 கூட வரும். நாலு கப் மாவு கேட்கும் குறிப்பில் இந்த வித்தியாசம் நூறு கிராமை எட்டும். கேக் இறுகிப்போக அது போதும். எப்படி அளந்தது என்று சொல்லாத மாற்ற அட்டவணை மாவுக்கு உதவாது. ரொட்டி, கேக் வகைகளுக்குத் தராசே சரி.

கப்பும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் வழக்கமான கப் சுமார் 237 மி.லி.; அங்கே உணவுப் பொட்டல விவரங்களுக்கு 240. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானின் அரிசிக் கப் 180. தேக்கரண்டி பொதுவாக 5 மி.லி.; மேசைக்கரண்டி பல நாடுகளில் 15, ஆஸ்திரேலியாவில் 20. தலைதட்டி அளக்கும் முறையை அமெரிக்க வீடுகளில் பரப்பியதில் ஃபேன்னி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலுக்குப் பெரும் பங்குண்டு.

தமிழர் வழக்கில் தானியத்துக்கு முகத்தலளவையே முதன்மை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. தலைதட்டி அளந்ததா, குவித்து அளந்ததா என்பதும் எடையைக் கூட்டிக் குறைத்தது. எடை, அளவைகளுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகும், பல வீடுகளில் உலைக்கு அரிசி அளப்பது ஆழாக்கில்தான். பழைய குறிப்புகளைக் கிராமுக்கு மாற்றும்போது அந்த வீட்டு ஆழாக்கையே அளந்து பார்க்க வேண்டும். அதைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினால், தராசு காட்டும் கிராமே அதன் மில்லி லிட்டர்.