ஹாஷிமோட்டோ நோயும் தைராய்டு புற்றும்

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் பயின்ற அறுவை மருத்துவர் ஹாஷிமோட்டோ ஹகாரு, நான்கு பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட கழுத்துக் கழலைகளை ஆராய்ந்து 1912-இல் ஜெர்மன் இதழொன்றில் எழுதினார். தைராய்டு சுரப்பி முழுவதும் நிணநீர்ச் செல்கள் மண்டிக் கிடந்தன. அது தனி நோய்தானா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. ஹாஷிமோட்டோ 1934-இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். காரணம் தெளிவாகும்வரை அவர் வாழவில்லை. 1956-இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் குழுவினர் இந்நோயாளிகளின் இரத்தத்தில், தைராய்டு உண்டாக்கும் புரதமான தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோவில் ரோஸும் விட்டெப்ஸ்கியும், முயல்களுக்குத் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி இதே அழற்சியை உண்டாக்கிக் காட்டினர். உடல் தன் சுரப்பியையே தாக்குகிறது என்பது உறுதியானது.

புற்றோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி அதற்கு ஓராண்டு முன்பே எழுந்துவிட்டது. அறுத்தெடுத்த சுரப்பிகளைப் பார்த்த டெய்லியும் உடன் ஆய்வாளர்களும் இரண்டும் சேர்ந்து காணப்படுவதை 1955-இல் சுட்டினர். பின்வந்த பல அறுவை ஆய்வுகளும் அவ்வாறே கூறின. காணப்பட்டது பெரும்பாலும் தைராய்டுப் புற்றுகளில் மிகப் பொதுவான பாப்பில்லரி வகை. ஆனால் ஹாஷிமோட்டோ நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. கட்டியோ சந்தேகமோ இருப்பவர்களே அறுவைக்கூடத்துக்கு வருகிறார்கள். அங்கே புற்று மிகுந்து தெரிவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, புற்றைச் சுற்றியும் நிணநீர்ச் செல்கள் திரளும்; அதை ஹாஷிமோட்டோ என்றே எண்ணிவிடலாம். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் இத்தொடர்பு மிகவும் மங்கலாகவே தெரிந்தது. நோயின் பெயரைக் கேட்டதுமே புற்றை எண்ணிக் கலங்குபவர்களுக்கு இந்த வேறுபாட்டை மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத தொடர்பு, தைராய்டிலேயே தோன்றும் நிணநீர்ப் புற்றான லிம்போமாவோடுதான். ஸ்வீடனில் 829 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஹோல்ம் குழுவினர், அதன் வாய்ப்பு 67 மடங்கு என்று 1985-இல் அறிவித்தனர். மடங்கு பெரிதாயினும் அந்நோய் மிக அரிது. சுரப்பி திடீரென வேகமாக வீங்கினால் உடனே பரிசோதிக்க வேண்டும்.

தொடர்பு உண்மையெனில், பாப்பில்லரி புற்றுக்கு நீடித்த அழற்சி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உயர்ந்திருப்பது ஆகியன காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது. மறுபுறம், ஹாஷிமோட்டோவும் உள்ளவர்களிடம் இப்புற்று அதிகம் பரவாததையும், சிகிச்சைக்குப்பின் திரும்புவது குறைவாக இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அவர்களைக் கண்காணிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அறுவைக்குப்பின் புற்று மீள்கிறதா என்பதைத் தைரோகுளோபுலின் அளவு காட்டும். ஹாஷிமோட்டோ நோயாளிகளிடம் காணப்படும் அதன் எதிர்ப்பொருள் அந்த அளவீட்டைக் குழப்பிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்தே அளக்கிறார்கள்.