தொழிற்சங்கம் தொடங்க 7 பேர் போதுமா? ஸ்ரீசிட்டி, திருப்பதி, சித்தூர் தொழிலாளர்களுக்குச் சட்டம் தரும் உரிமைகள் என்ன?

'யூனியன்ல சேர்ந்தா வேலை போயிடும்', 'இது சிறப்புப் பொருளாதார மண்டலம், இங்க சங்கமே வைக்கக் கூடாது', 'கான்ட்ராக்ட் ஆளுக்கு எதுக்குங்க சங்கம்?' - தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் பஸ்ஸிலும் கேன்டீனிலும் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. இதில் எது உண்மை?

ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில், சத்தியவேடு, வரதையபாளையம் பகுதியில் இருக்கிறது ஸ்ரீசிட்டி. சென்னையிலிருந்து சுமார் 55 கி.மீ. தூரம்தான். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டம் ஆகும் வரை இதன் பெரும்பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. செல்போன், ஏசி என்று பலவும் இங்கே தயாராகின்றன. தமிழ்நாட்டின் எல்லையோரக் கிராமங்களில் இருந்தும் தினமும் ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள். அருகிலேயே ரேணிகுண்டா, கரகம்பாடி தொழிற்சாலைகள், திருமலை கோவிலை நம்பிய ஒப்பந்தப் பணியாளர்கள், சித்தூரின் மாம்பழக் கூழ் ஆலைகள். இவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் சட்டம் அண்மையில் மாறியிருக்கிறது.

எந்தச் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது?

1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

ஆனால் சங்கம் அமைக்கும் உரிமை இந்தச் சட்டத்தால் மட்டும் வந்ததல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு, சங்கம் சேரும் உரிமையை அடிப்படை உரிமையாகவே தருகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கம் வைப்பது அடிப்படை உரிமை; வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை அல்ல, அது சட்டத்துக்கு உட்பட்ட உரிமை. நீதிமன்றத் தீர்ப்புகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன.

சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் சங்கம் வைக்க முடியாதா?

வைக்கலாம். 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 49ஆவது பிரிவு, இந்த மண்டலங்களுக்கு மத்தியச் சட்டங்களில் இருந்து விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலன், வருங்கால வைப்பு நிதி, மகப்பேறு சலுகை ஆகியவற்றுக்கு அந்த அதிகாரம் செல்லாது என்று அதே பிரிவு சொல்கிறது. சுங்கச் சலுகைக்காகப் போட்ட வேலி, சங்க உரிமையைத் தடுக்காது.

7 பேர் இருந்தால் சங்கம் தொடங்கலாமா?

பாதி உண்மை. பதிவுக்கு விண்ணப்பிக்க 7 பேர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில், அந்த நிறுவனத்தில் அல்லது அந்தத் தொழிலில் வேலை செய்வோரில் 10% பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 600 பேர் உள்ள ஆலையில் 60 உறுப்பினர்கள் தேவை. 4,000 பேர் உள்ள ஆலையில் 400 தேவையில்லை, 100 பேர் போதும். 50 பேர் மட்டுமே உள்ள இடத்தில் 10% என்பது 5 தான் என்றாலும், குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவான பிறகும் இந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துடன் பிரமாணப் பத்திரம், சங்கத்தின் விதிகள், அந்த விதிகளை ஏற்று உறுப்பினர்கள் போட்ட தீர்மானம், விண்ணப்பிக்க அதிகாரம் தரும் தீர்மானம் ஆகியவற்றைத் தர வேண்டும். மாநில அரசு நியமிக்கும் தொழிற்சங்கப் பதிவாளர் இவற்றைப் பரிசீலிப்பார். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் எதுவும் தேவையில்லை.

கையெழுத்துப் போட்டவர்கள் மீது அழுத்தம் வந்து சிலர் பின்வாங்கினால்? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் போகாமல் சிலர் விலகினால் விண்ணப்பம் செல்லாததாகிவிடாது. 7 பேரில் 3 பேர் விலகினால் பிரச்னை இல்லை. 4 பேர் விலகினால் சிக்கல். அதனால்தான் பல இடங்களில் 7 என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையோடு நிற்காமல் கூடுதல் பேரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

பதிவு செய்வது எவ்வளவு சுலபம்?

காகிதத்தில் இருப்பதுபோல எப்போதும் நடப்பதில்லை. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் 2024இல் சிஐடியு ஆதரவுடன் சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்தனர். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருப்பதற்கு நிர்வாகம் ஆட்சேபம் தெரிவித்தது. பதிவு இழுத்துக்கொண்டே போனது. செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்து அக்டோபர் நடுவில் முடிந்தது. முடிவெடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் பதிவாளருக்கு 6 வாரம் கெடு விதித்தது. 2025 ஜனவரி இறுதியில்தான் சங்கம் பதிவானது.

அந்த விண்ணப்பம் 1926 சட்டத்தின்படி தரப்பட்டது. அந்தச் சட்டத்தில் பதிவாளருக்குக் காலக்கெடு எதுவும் இல்லை. சட்டம் கொடுத்த உரிமையைக் கையில் வாங்க அந்தத் தொழிலாளர்கள் தெருவுக்கும் வர வேண்டியிருந்தது, நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருந்தது.

சங்கம் பதிவானால் நிர்வாகம் பேசியே ஆக வேண்டுமா?

1926 சட்டத்தின்படி பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவான சங்கத்தோடு பேச வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. புதிய சட்டத் தொகுப்பு 'பேச்சுவார்த்தைச் சங்கம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் ஒரே சங்கம்தான் இருந்தால், விதிகளில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதையே பேச்சுவார்த்தைச் சங்கமாக நிர்வாகம் ஏற்க வேண்டும். பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51% ஆதரவு பெற்ற சங்கத்துக்கு அந்த இடம். யாருக்கும் 51% இல்லை என்றால், 20% ஆதரவாவது உள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைப்பார்கள். 45%, 30%, 15% என்று மூன்று சங்கங்கள் இருந்தால் முதல் இரண்டுக்குத்தான் இடம். மூன்றாவது சங்கம் பதிவோடு நீடிக்கலாம், ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார முடியாது.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் சேரலாமா?

சேரலாம். சங்கம் அமைப்பது பற்றிய அத்தியாயத்தில் 'தொழிலாளர்' என்ற சொல்லுக்குத் தொழிலில் வேலை செய்யும் எல்லோரும் என்று விரிவான பொருள் தரப்பட்டுள்ளது. அமைப்புசாராத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கும் உரிமை உண்டு. துப்புரவுப் பணியாளர்களோ, சீசனுக்கு மட்டும் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும் பெண்களோ, ஒரே நிறுவனம் என்றில்லாமல் தொழில் அடிப்படையிலும் சங்கம் வைக்கலாம்.

தொழிற்பழகுநர் சட்டத்தின்படி முறையாகச் சேர்ந்த அப்ரன்டிஸ்கள் நிலை வேறு. அவர்களைச் சட்டம் தொழிலாளராகக் கருதுவதில்லை. அதற்காக, அடையாள அட்டையில் 'டிரெய்னி' என்று அச்சடித்துவிட்டால் மட்டும் ஒருவர் தொழிலாளர் இல்லை என்று ஆகிவிடாது. அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதே முக்கியம்.

'வெளியாட்கள்' நிர்வாகிகளாக இருக்கலாமா?

ஒரு வரம்புக்குள் இருக்கலாம். மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வெளியில் இருந்து வரலாம். அமைப்புசாராத் துறைச் சங்கங்களில் பாதி வரை வெளியாட்கள் இருக்கலாம்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுக்க முடியுமா?

அதை 'நியாயமற்ற தொழில் நடைமுறை' என்று சட்டம் தடை செய்கிறது. சங்கத்தில் சேர்ந்தால் டிஸ்மிஸ் என்று மிரட்டுவது, ஆலையை மூடிவிடுவோம் என்று பயமுறுத்துவது, நிர்வாகமே ஒரு கைப்பொம்மைச் சங்கத்தை உருவாக்குவது, சங்கம் உருவாகும் நேரம் பார்த்து அதைக் கலைக்கச் சம்பள உயர்வு தருவது, பழிவாங்க இடமாற்றம் செய்வது எல்லாம் இதில் வரும். அபராதம் 10,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை.

தொழிலாளர் தரப்புக்கும் தடைகள் உண்டு. சேர விரும்பாதவரைக் கட்டாயப்படுத்துவது, அதிகாரிகளை முற்றுகையிடுவது போன்றவை அதே பட்டியலில் இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் குற்றத்துக்காகத் தொழிலாளி நேரடியாக நீதிமன்றம் போக முடியாது. அரசோ அரசு அதிகாரம் கொடுத்தவரோ புகார் தந்தால்தான் நீதிமன்றம் விசாரிக்கும். ஆனால் வேலைநீக்கத்தை எதிர்க்க வேறு வழி இருக்கிறது. அதைத் தொழில் தகராறாக மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் கொண்டு போகலாம். 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பொதுவாக 45 நாட்களில் சமரசம் ஆகவில்லை என்றால், அவரது அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

சங்க நிர்வாகிகளில் சிலருக்கு 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்ற தகுதியும் உண்டு. மொத்தத் தொழிலாளர்களில் 1%, குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது, விசாரிக்கும் அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இவர்களை நீக்க முடியாது.

வேலைநிறுத்தத்துக்கு என்ன விதி?

இங்குதான் புதிய சட்டம் கடுமையாகியிருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்த முன்னறிவிப்பு, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். 14 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்த 7 நாட்களுக்கும் வேலைநிறுத்தம் கூடாது. தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும்போதும், முடிந்த பிறகு 60 நாட்களுக்கும் கூடாது.

'ஸ்டிரைக் வேண்டாம், எல்லோரும் ஒரே நாள்ல லீவு போட்டுடுவோம்' என்ற பழைய உத்தியும் இனி செல்லாது. பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். சட்டவிரோத வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பதிவு செய்வதால் என்ன லாபம்?

பதிவு செய்யாமலும் கூடிப் பேசலாம். ஆனால் பதிவான சங்கத்துக்கு ஒரு கவசம் கிடைக்கிறது. சங்கத்தின் சட்டபூர்வ நோக்கங்களுக்காக உறுப்பினர்கள் எடுக்கும் கூட்டு முடிவைக் குற்றச் சதி என்று வழக்குப் போட முடியாது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக நஷ்டஈடு கேட்கவும் முடியாது. வன்முறைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இந்தக் கவசம் உருவான கதை சென்னையில் தொடங்குகிறது. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் அதில் தீவிரமாக உழைத்தார். 1920இல் கதவடைப்பு வந்தபோது, ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சங்கத் தலைவர்கள் மீது பின்னி நிறுவனம் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தினாலே நஷ்டஈடு கட்ட வேண்டிய நிலை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1921இல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சங்கப் பாதுகாப்புச் சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் அமலானது. அந்தப் பாதுகாப்புதான் இன்றைய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

இப்போது இது ஏன் முக்கியம்?

ஆந்திர அமைச்சரவை 2025 ஜூனில், தினசரி வேலை நேர வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த ஒப்புதல் தந்தது. பெண்கள் இரவு ஷிஃப்ட்டில் வேலை செய்வதற்கான விதிகளும் தளர்த்தப்பட்டன. தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்தன. கூடுதலாகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன சம்பளம், இரவு வேலை முடிந்தால் வீடு வரை வண்டி வருமா என்பதையெல்லாம் ஒவ்வொரு ஆலையிலும் யாராவது கேட்டாக வேண்டும். தனி ஆளாக ஹெச்.ஆர். அறைக்குள் போய்க் கேட்பதற்கும், சங்கத்தின் கோரிக்கையாக எழுத்தில் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சங்கம் தொடங்க நினைப்பவர்கள் செய்ய வேண்டியது கடினமானதல்ல. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். உறுப்பினர் படிவம், சந்தா ரசீது, கூட்டத் தீர்மானம் எல்லாவற்றையும் தேதியோடு வையுங்கள். விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதற்கான சீலோடு ஒப்புதல் வாங்குங்கள். மிரட்டல் வந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், அன்றே எழுத்தில் தொழிலாளர் துறைக்குத் தெரிவியுங்கள். பின்னாளில் சமரச அதிகாரி முன்னால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.