ஒரே தாளம், பல குரல்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருமண விருந்துகளில் பைலா ஒலிக்கக் கேளாதார் சிலரே. கால்கள் தாமாகவே அசைகின்றன. இத்தாளம் யாருடையது என்று மட்டும் எவரும் வினவுவதில்லை. வரலாற்று மாணவர் அவ்வினாவை எழுப்பியே ஆகவேண்டும்.

போர்த்துக்கீசர் இலங்கைக் கரையோரத்தை ஆண்ட காலத்தில் ஆபிரிக்க மக்களைப் படைவீரராகவும் ஏவலாளராகவும் இங்கு கொண்டுவந்தனர். பின்வந்த ஒல்லாந்தரும் அடிமைமுறையைத் தொடர்ந்தனர். கொழும்பில் அவர்கள் அடிமைகளை அடைத்துவைத்த பகுதியே கொம்பனித்தெரு. ஆங்கிலேயர் அதனை 'அடிமைத் தீவு' என்றே அழைத்தனர். அம்மக்களின் தாளமும் போர்த்துக்கீசரின் பாட்டும் கலந்து பிறந்ததே கபிரிஞ்ஞா. பறங்கியர் அதனைப் பேணினர். 1940களில் காவற்படையில் பணியாற்றிய வொலி பஸ்டியன் அதற்குச் சிங்களச் சொல்லை அளித்தார். இன்றைய பைலா உருவாயிற்று. 'வாத பைலா' மேடைகளில் பாடகர்கள் ஒரே மெட்டில் உடனுக்குடன் சொற்கட்டி மோதினர்.

அடிமைகளின் வழிவந்தோர் வாழும் ஜமேக்காவிலும் இத்தகைய வழக்கத்தைக் காண்கிறோம். அங்கே பாடலுக்கு அடித்தளமான இசைக்கோலத்தை 'ரிடிம்' என்பர். 1985இல் வெயின் சிமித் பாடிப் புகழ்பெற்ற 'சிலெங் டெங்' ரிடிமின்மீது டெனர் சோ, ஜொனி ஒஸ்போன் முதலியோரும் தத்தம் பாடல்களைப் பாடினர். தாளம் பொதுவுடைமை, சொல் மட்டுமே தனியுடைமை.

நம்மிடையேயும் அதுவே நிகழ்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப் பாடல்களில் பைலாவின் துள்ளல் புகுந்தது. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்டிற்று; 1977இல் இளையராஜாவின் இசையில் திரைப்படத்திலும் இடம்பெற்றது. அதன் சிங்களப் பல்லவியைத் தமிழர் மொழிபெயர்க்காமலே பாடி மகிழ்ந்தனர் என்பது மனங்கொளத்தக்கது.

மேட்டுக்குடியினர் இதனைக் குடிகாரர் கூத்தென இகழ்ந்தனர். தூய பண்பாடு பேசியோர் இரு மொழியிலும் இருந்தனர். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1958இலும் 1983இலும் தமிழர் வீடுகள் எரிந்தன. ஒரே தாளத்துக்கு ஆடிய மக்களை அத்தாளம் காத்துவிடவில்லை. பாட்டு மட்டுமே ஒற்றுமையைத் தந்துவிடும் என நம்புவது பேதைமை; உரிமைச் சமத்துவமே அதனைத் தரவல்லது.

எனினும் பைலா ஒரு சாட்சியம். கலப்பற்ற பண்பாடு என்பது பொய் என்று அது கூறுகிறது. புத்தளத்துச் சிறாம்பியடியில் அவ்வாபிரிக்கரின் வழித்தோன்றல்கள் 'மஞ்ஞா' என்னும் தம் பாடல்களை இன்றும் பேணுகின்றனர். நமது விருந்து மண்டபங்களில் அவர்கள் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ஆடும் நாம் அந்தக் கடனை முதலில் அறிதல் வேண்டும்.