கனவுக்குள் விழித்தால் தூக்கம் கெடுமா?

தூங்கிக் கொண்டிருக்கும்போதே, "இது நிஜமல்ல, கனவுதான்" என்று சிலருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின்னும் கனவு கலையாது. சிலரால் அதன் போக்கைக்கூட மாற்ற முடியும். ஆங்கிலத்தில் இதனை லூசிட் ட்ரீம் என்பார்கள். தமிழில் தெளிவுக் கனவு எனலாம். இது அபூர்வமான ஒன்றல்ல. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஒரு கணக்கின்படி, சுமார் 55 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய கனவைக் கண்டிருக்கிறார்கள்.

தானாக வருவது ஒன்று. பயிற்சி செய்து வரவழைப்பது வேறு. அப்படிப் பழகுபவர்களைப் பார்த்து மற்றவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தூக்கத்திலும் மனம் விழித்திருந்தால் தூக்கம் கெடாதா? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலான வரலாறு இருக்கிறது.

உறங்குபவரின் மனத்திலேயே ஏதோ ஒன்று "இது கனவு" என்று சொல்வதுண்டு என கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அன்றே எழுதியிருக்கிறார். திபெத்தியப் பௌத்தத்தில் கனவு யோகம் என்றே ஒரு பயிற்சி உண்டு. நாரோபாவின் ஆறு யோகங்களில் அதுவும் ஒன்று. ஆனால் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கனவை ஆராயப் புகுந்தவர்களில் முன்னோடி, பிரான்ஸ் நாட்டின் எர்வே த சென் தெனி (1822-1892). இவர் சீன மொழி அறிஞர். சிறுவயதிலேயே கனவுகளை எழுதிவைக்கத் தொடங்கி, 1946 இரவுகளின் கனவுகளை 22 நோட்டுகளில் நிரப்பினார். 1867-ல் தன் பெயரைப் போடாமலேயே ஒரு நூலையும் வெளியிட்டார். பழக்கத்தால் கனவை வழிநடத்த முடியும் என்பதே அதன் சாரம்.

தெளிவுக் கனவு என்ற பொருளில் 'லூசிட் ட்ரீம்' என்ற பெயரை நிலைநிறுத்தியவர், நெதர்லாந்தின் மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடரிக் வான் ஈடன். 1898 முதல் 1912 வரை தனக்கு வந்த 352 தெளிவுக் கனவுகளைக் குறித்துவைத்து, 1913-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, இக்கனவுகளின்போது தன் தூக்கம் ஆழமாகவும் புத்துணர்ச்சி தருவதாகவும் இருந்தது என்று அவர் உறுதியாகச் சொன்னார். மற்றொன்று, அவை எல்லாமே விடிகாலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில்தான் வந்தன. முதல் செய்தி, ஒரு மனிதர் தன் தூக்கத்துக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ். இரண்டாவது செய்தியின் காரணம் புரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ஓர் உண்மையைக் கண்டறிந்தார்கள். உறக்கத்தின் சில பகுதிகளில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசைகின்றன. அப்போது எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். சுருக்கமாக ரெம் உறக்கம் எனப்படும் இது, ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். வான் ஈடனின் கணக்கு இதனுடன் அப்படியே பொருந்துகிறது!

ஆனாலும் அறிஞர்கள் பலர் நம்பவில்லை. தூங்குபவர் "நான் தூங்குகிறேன்" என்று அறிவது முரண்பாடு என்பது அவர்கள் வாதம். 1959-ல் தத்துவ அறிஞர் நார்மன் மால்கம் இதையே வலியுறுத்தி ஒரு நூல் எழுதினார். தெளிவுக் கனவு என்பது இடையில் வந்துபோகும் சிறு விழிப்பாக இருக்கலாம் என்றும் பலர் கருதினர். அதை மறுக்க ஒரு வழி கிடைத்தது. ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்றுக் கிடந்தாலும் கண்களை அசைக்க முடியும். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வொர்ஸ்லி என்பவர், முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை காட்டினார். கீத் ஹேர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். ஸ்டான்ஃபோர்டில் தனியாக ஆராய்ந்த ஸ்டீஃபன் லாபெர்ஜும் இதே முறையில் நிரூபித்து 1981-ல் வெளியிட்டார். ஆக, அது விழிப்பல்ல, உறக்கம்தான் என்பது உறுதியானது.

இதன் பிறகே பயிற்சி முறைகள் பரவின. லாபெர்ஜின் முறை எளிமையானது: இரவில் கண்விழிக்கும்போது கண்ட கனவை நினைவுகூர வேண்டும், "அடுத்த கனவில் இது கனவென்று உணர்வேன்" என்று மனத்தில் பதித்துவிட்டு மறுபடி உறங்க வேண்டும். நாளடைவில் இதனுடன் அலாரமும் சேர்ந்துகொண்டது. ஐந்து மணி நேரம் தூங்கியதும் அலாரம் வைத்து எழுவது, சிறிது நேரம் விழித்திருந்து மீண்டும் படுப்பது... விடிகாலையின் நீண்ட ரெம் உறக்கத்தைப் பிடிப்பதற்கான உத்தி இது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. எட்டு மணி நேரம் தூங்குபவருக்கு அரை மணி போனால் பெரிதில்லை. ஆறு மணி நேரமே தூங்கும் மாணவருக்கு, எழுந்தபின் தூக்கமும் வராமல் போனால், அன்றைய பகல் வீண்.

2009-ல் ஊர்சுலா வோஸ் குழுவினர், தெளிவுக் கனவின்போது மூளை பாதி விழிப்பு, பாதி உறக்கம் கலந்த நிலையில் இருப்பதாக எழுதினார்கள். அப்படியானால் தூக்கத்தின் பயன் குறையுமே என்ற கவலை வந்தது. 2019-ல் வல்லா, ரூபி என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பழகுவது நல்லதுதானா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். 2022-ல் பேர்ட் குழுவினர் மறுத்தார்கள்: இது கலவை நிலையல்ல, சுறுசுறுப்பான ரெம் உறக்கமே என்றார்கள். விவாதம் தொடர்கிறது.

மக்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டுவது என்ன? 2018-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், தெளிவுக் கனவு அதிகம் காண்பவர்களின் தூக்கம் சற்று மோசமாகத் தெரிந்தது. ஆனால் கெட்ட கனவுகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. அதே ஆண்டு இஸ்ரேலில் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், அடிக்கடி தெளிவுக் கனவு காண்பதற்கும் மனநலக் குறைகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. வரவழைக்கும் உத்திகளைக் கையாண்டவர்களிடமோ, தன்னிலிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வு கூடுதலாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியை முடித்து ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி உறங்கியவர்களுக்கே அதிக வெற்றி கிடைத்தது. சட்டென்று தூக்கம் வருபவருக்கு இழப்பும் குறைவு.

கெட்ட கனவுகளால் துன்பப்படுவோருக்கு இது வெறும் பொழுதுபோக்கல்ல. நெதர்லாந்தில் 23 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியான சிறிய ஆய்வில், தெளிவுக் கனவுப் பயிற்சிக்குப் பின் கெட்ட கனவுகள் குறைந்தன. தூக்கத்தின் தரம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவும் இல்லை, கெடவும் இல்லை.

இதுவரை கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், வான் ஈடன் சொன்னது பெருமளவு சரியென்றே தோன்றுகிறது. தானாக வரும் தெளிவுக் கனவு தூக்கத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. அதை வரவழைக்க நடுவில் உடைக்கப்படும் இரவுதான் கெடுக்கிறது. ஏற்கெனவே தூக்கம் போதாதவர்கள், தூக்கமின்மையால் அவதிப்படுபவர்கள், கனவெது நிஜமெது என்று குழம்பும் மனநிலை உள்ளவர்கள் அலாரம் வைத்துப் பழகாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் மறுநாள் விடுமுறையாக உள்ள இரவில் பழகிப் பார்க்கலாம். கனவு எங்கும் ஓடிவிடாது. தேர்வு நாள் காலையில் போன தூக்கம் திரும்பி வராது.