நரி வேட்டைத் தடையும் சொற்போரும்: பிரித்தானிய அனுபவம் (1786–2004)

1. முன்னுரை

நாய்களை ஏவி நரியைத் துரத்திக் கொல்லும் வேட்டை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 பிப்ரவரி 18 முதல் சட்டப்படி குற்றமாகும். இத்தடைக்கு முன் நிகழ்ந்த விவாதம் இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. விலங்கின் துன்பம் அவ்விவாதத்தின் ஒரு பகுதியே. எச்செயலை 'விளையாட்டு' எனலாம், எதனைக் 'கொடுமை' எனலாம், அப்பெயரைச் சூட்டும் உரிமை யாருக்கு உண்டு என்பவையே அதன் மையமாக இருந்தன. இச்சொற்களின் பொருள் எல்லை காலந்தோறும் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் பயனடைந்தோர் யாவர் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

தமிழில் 'வேட்டை' என்னும் சொல் வலை, வில், துப்பாக்கி, நாய் ஆகிய எதனைக் கொண்டு செய்வதையும் குறிக்கும். ஆங்கிலேயர் வழக்கில் 'ஹண்டிங்' என்பது பெரும்பாலும் நாய்க்கூட்டத்தின் பின்னே குதிரையேறிச் செல்வதையே சுட்டும். துப்பாக்கியால் சுடுவது 'ஷூட்டிங்' எனப்படும். அவர்கள் துரத்தியது செந்நரி. உதகமண்டலத்தில் வேட்டைக் கழகம் நடத்திய ஆங்கிலேயர், அங்குச் செந்நரி இல்லாமையால், இந்நாட்டு நரியைத் துரத்தினர். விலங்கு வேறாயினும் வேட்டையின் ஆடை, முறை, கலைச்சொற்கள் ஆகியன மாறாதிருந்தமை குறிப்பிடத்தக்கது.

2. தீங்குயிரா, விளையாட்டுப் பொருளா?

நரியை எப்பெயரால் அழைப்பது என்னும் சிக்கல் முதலில் நீதிமன்றத்தில் எழுந்தது. 1786-இல் கண்ட்ரி எதிர் ஃபெல்தம் வழக்கில், நரி 'வெர்மின்', அதாவது அழிக்கத்தக்க தீங்குயிர், ஆகையால் அதனைத் துரத்திப் பிறர் நிலத்துள் நுழைதல் அத்துமீறல் ஆகாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. 1809-இல் எசெக்ஸ் பிரபு எதிர் கேப்பல் வழக்கில் தலைமை நீதிபதி எல்லன்பரோ இவ்வாதத்தை ஏற்கவில்லை. வேட்டையின் உண்மை நோக்கம் தீங்குயிரை ஒழிப்பதா, துரத்துவதில் பெறும் இன்பமா என்பதே வினா எனக் கருதப்பட்டது. இன்பமே நோக்கமெனில் பிறர் நிலத்தில் நுழையும் உரிமை இல்லை என்றாயிற்று.

இருபத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே செயல் இரு பெயர் பெற்றது. பிற்காலத்திலும் வேட்டையாளர் தம் தேவைக்கேற்ப இவ்விரு பெயர்களையும் மாறி மாறிக் கையாண்டனர். உழவர் முன் நரி கோழியையும் ஆட்டுக்குட்டியையும் கவரும் தீங்குயிர். தம் கழகத்தில் அது மதிப்புமிக்க ஓட்டப் போட்டியாளர். தீங்குயிர் எனப்பட்ட நரி பெருகுவதற்கென்று புதர்க்காடுகளை வளர்த்துக் காத்தவர்களும் அவர்களே.

3. ஏழையின் கொடுமையும் செல்வரின் விளையாட்டும்

கட்டிவைத்த காளைமீது நாய்களை ஏவிக் கடிக்கவிடும் வழக்கம் இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் தொழில் நகரங்களிலும் உழைக்கும் மக்களின் பொழுதுபோக்காக இருந்தது. 1800-இல் அதனைத் தடைசெய்ய வில்லியம் புல்ட்னி கொண்டுவந்த மசோதா காமன்ஸ் சபையில் 43க்கு 41 என்னும் வாக்குகளால் தோற்றது. 1802-இல் வந்த மற்றொரு மசோதா 64க்கு 51 என வீழ்ந்தது. இரண்டையும் எதிர்த்தவருள் முதன்மையானவர் வில்லியம் விண்டம். செல்வர் தம் வேட்டையை வைத்துக்கொண்டு ஏழையின் கேளிக்கையை மட்டும் கொடுமை என்று பறிப்பது நேர்மையாகுமா என்பது அவர் வாதத்தின் சாரம். 1809-இல் சிட்னி ஸ்மித் 'எடின்பரோ ரெவ்யூ' இதழில் ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கத்தாரின் இதே ஓரவஞ்சனையை எள்ளி எழுதினார். விண்டம் வேட்டையைத் தடுக்க விரும்பியவர் அல்லர். எனினும் அவர் எழுப்பிய வினா பின்வந்த எல்லாச் சட்டங்களையும் தொடர்ந்தது.

1822-இல் ரிச்சர்டு மார்ட்டினின் முயற்சியால் நிறைவேறிய சட்டம் 'கேட்டில்' எனப்பட்ட வளர்ப்புக் கால்நடைகளைக் காத்தது. ஆயினும் 'காளை' அச்சொல்லில் அடங்காது என நீதிமன்றம் பொருள்கொண்டது. 1824-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1840-இல் அது 'ராயல்' என்னும் அடைமொழி பெற்றது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் காளை, கரடி ஆகியவற்றின்மீது நாய் ஏவுதலையும் சேவற்சண்டைக் களங்கள் நடத்துதலையும் தடைசெய்தது. நரி வேட்டையை அது தொடவில்லை. 1911-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வளர்ப்பு விலங்கு, பிடித்துவைத்த விலங்கு ஆகிய இரண்டை மட்டுமே தன் வரையறையுள் கொண்டது. காட்டில் திரியும் நரி இரண்டிலும் அடங்காது. துன்பத்தின் அளவைக் கொண்டு வகுக்கப்படாத இவ்வரையறை, நடைமுறையில் சமூகப் படிநிலையைக் காக்கும் எல்லைக்கோடாக அமைந்தது எனலாம்.

4. 'வெளிப்புல விளையாட்டு', 'குருதி விளையாட்டு'

1869-இல் வரலாற்றாசிரியர் ஃப்ரீமன் 'ஃபோர்ட்நைட்லி ரெவ்யூ' இதழில் இவ்வேட்டையின் அறத்தன்மையை வினவினார். காளைமீது நாய் ஏவுதல் தவறெனில் நரிமீது ஏவுதலும் தவறே என்பது அவர் நிலை. அவ்வாண்டே அதே இதழில் புதின ஆசிரியர் ஆந்தனி ட்ரொலோப் மறுப்பு எழுதினார். அவர் தாமே வேட்டைக் குதிரையேறியவர். மக்கள் பெறும் மகிழ்வும் நட்புறவும் ஒரு நரியின் துன்பத்தை ஈடுசெய்யும் என்பது அவர் மறுமொழி.

வேட்டையாளர் தம் செயலை 'ஃபீல்டு ஸ்போர்ட்ஸ்', அதாவது வெளிப்புல விளையாட்டு, என்றனர்; எதிர்ப்பாளர் அதனையே 'பிளட் ஸ்போர்ட்ஸ்', அதாவது குருதி விளையாட்டு, என்றனர். 1891-இல் தோன்றிய மனிதநேயக் கழகத்தின் ஹென்றி சால்ட் பின்னதைப் பரப்பியவருள் முக்கியமானவர். அக்கழகம் எதிர்த்துவந்த அரச மான்வேட்டை நாய்ப்படை 1901-இல் கலைக்கப்பட்டது. எதிர்ப்பாளர் 1924-இல் அமைத்த சங்கம் 'கொடிய விளையாட்டுகள்' என்பதையும், ஆதரவாளர் 1930-இல் அமைத்த சங்கம் 'வெளிப்புல விளையாட்டுகள்' என்பதையும் தத்தம் பெயரிலேயே கொண்டிருந்தன. 1949-இல் மான், முயல் முதலியவற்றின் வேட்டையைத் தடுக்கும் மசோதா 214க்கு 101 எனத் தோற்றது. அரசு அமைத்த ஸ்காட் ஹெண்டர்சன் குழு 1951-இல் நரி வேட்டை தொடரலாம் என அறிக்கை தந்தது.

வேட்டையாளர்க்கெனத் தனிக் குழூஉக்குறியும் இருந்தது. நரியின் வால் 'பிரஷ்', முகம் 'மாஸ்க்', பாதம் 'பேட்'. வேட்டைநாயை 'டாக்' என்பது இழுக்கு. 'ஹவுண்டு' என்றே கூறல் வேண்டும். உடலுறுப்பின் இயல்பான பெயரை விலக்கும் இவ்வழக்கு, பேசுவோரை ஒரு குழுவினராக இணைத்ததோடு கொலையின் காட்சியையும் மறைத்தது.

5. நலன், பயன், கொடுமை (1997–2004)

1997 நவம்பரில் மைக்கேல் ஃபாஸ்டரின் தனிநபர் மசோதா காமன்ஸ் சபையில் 411க்கு 151 என்னும் வாக்குகளால் இரண்டாம் வாசிப்பில் நிறைவேறியது. எனினும் காலம் போதாமையால் சட்டமாகவில்லை. அதே ஆண்டில் வேட்டை ஆதரவாளரின் பழைய சங்கம் பிறவற்றுடன் இணைந்து 'கண்ட்ரிசைடு அலையன்ஸ்' ஆயிற்று. அமைப்பின் பெயரிலிருந்து 'விளையாட்டு' நீங்கி 'நாட்டுப்புறம்' இடம்பெற்றது. 2002 செப்டம்பர் 22-இல் லண்டனில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் திரண்ட பேரணியின் முழக்கம் 'சுதந்திரமும் வாழ்வாதாரமும்' என்பதாகும்.

வாழ்வாதாரம் என்பது வெறும் முழக்கமன்று. 2000-இல் பர்ன்ஸ் குழு அளித்த அறிக்கையின்படி, 6,000 முதல் 8,000 வரையிலான முழுநேர வேலைகளுக்கு ஈடான தொழில் வேட்டையைச் சார்ந்திருந்தது. நாய்ப்பட்டி ஊழியர், லாடம் அடிப்போர், குதிரை பேணுவோர் ஆகியோரின் பிழைப்பு அதில் அடங்கும். ஆண்டுதோறும் பதிவுபெற்ற நாய்க்கூட்டங்களால் கொல்லப்பட்ட நரிகள் 21,000 முதல் 25,000 வரை என்பதும் அவ்வறிக்கையின் மதிப்பீடு. வேட்டை நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று கூறிய குழு, அது 'கொடுமை' என்று கூறவில்லை. நலன் குன்றுதலைச் சான்றுகொண்டு மதிப்பிட இயலும். கொடுமை என்பதோ செய்வோரின் நோக்கத்தையும் அறத்தையும் பற்றிய தீர்ப்பு. இவ்வேறுபாட்டை இரு தரப்பினரும் தமக்குச் சான்றாகக் கொண்டனர்.

2002-இல் அமைச்சர் அலன் மைக்கேல் கொண்டுவந்த மசோதா, பயன் உண்டா, துன்பம் மிகக் குறைந்த வழி அதுவா என்னும் இரு தேர்வுகளில் தேறும் வேட்டைக்கு உரிமம் வழங்க முன்வந்தது. 2003-இல் காமன்ஸ் சபை டோனி பேங்க்ஸின் திருத்தத்தை ஏற்று முழுத்தடையாக்கியது. பிரபுக்கள் சபை இசையாமையால், நாடாளுமன்றச் சட்டங்களின்படி அச்சபையின் ஒப்புதலின்றியே 2004 நவம்பர் 18-இல் சட்டம் நிறைவேறியது. இம்முறை செல்லும் என 2005-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஸ்காட்லாந்து 2002-இலேயே தனிச்சட்டம் இயற்றிவிட்டது.

6. சட்டத்தின் சொற்கள்

2004-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றத்தை வரையறுக்கும் பிரிவு, விலக்கின்றிக் காட்டுப் பாலூட்டியை நாய் கொண்டு வேட்டையாடுதல் என்று மட்டும் கூறுகிறது. அதில் 'கொடுமை' இல்லை, 'விளையாட்டு' இல்லை, வேட்டையாளர் ஏற்காத 'டாக்' என்னும் சொல்லே உள்ளது. எலி வேட்டைக்கு விலக்கு அளிக்கப்பட்டமையால் 'தீங்குயிர்' என்னும் பழங்கருத்து முற்றிலும் மறையவில்லை என்பது புலனாகும்.

'வேட்டையாடுதல்' என்பதற்குச் சட்டம் முழு வரையறை தரவில்லை. விலங்கைத் தேடுதல் மட்டும் வேட்டையாடுதல் ஆகாது என 2009-இல் உயர்நீதிமன்றம் பொருள்கொண்டது. முன்னரே தரையில் இட்ட மணத்தடத்தை நாய்கள் பின்தொடரும் 'டிரெயில் ஹண்டிங்' சட்டத்துக்குப் பின் பரவியது. அதில் நரி இறந்தால் அது தற்செயல் எனப்பட்டது. அது வேட்டைக்கு மறைப்பே என எதிர்ப்பாளர் வாதிட்டனர். ஸ்காட்லாந்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இதனையும் தடுத்தது. இங்கிலாந்திலும் தடுப்பதாகத் தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் உறுதியளித்தது.

7. முடிவுரை

விண்டம் சுட்டிய முரண், 1835-இல் ஏழையின் கேளிக்கை தடுக்கப்பட்டு 169 ஆண்டுகள் கழிந்த பின்னரே சட்டத்தால் ஓரளவு நீக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தை நரிக்கான பரிவு என்று மட்டும் கூறுவோரும், குதிரையேறுவோர்மீது கொண்ட வர்க்கப் பகை என்று மட்டும் கூறுவோரும் வரலாற்றின் ஒரு பாதியையே காண்கின்றனர். விலங்கின் துன்பம் அன்றும் இன்றும் ஒன்றே. அதற்குப் பெயரிடும் அதிகாரமே கைமாறியது. ஆதலின் இத்தகைய தடைகளை ஆராய்வோர், சட்டம் எதனைத் தடுத்தது என்பதோடு, எதனை எப்பெயரிட்டுத் தடுக்காது விட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.