நெடுந்தீவும் அதன் குதிரைகளும்

கடல் நடுவே ஒரு சிறு தீவு என்றால், உலகை விட்டு விலகி நிற்கும் இடம் என்றே எண்ணப் பழகியிருக்கிறோம். தீவு என்ற சொல்லோடு தனிமை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் ஒரு தீவு எப்போது தொலைவானது, யாரிடமிருந்து தொலைவானது, அத்தொலைவை உண்டாக்கியது இயற்கைதானா என்று நாம் கேட்பதில்லை. பாக்கு நீரிணையில் உள்ள நெடுந்தீவின் வரலாற்றை இக்கேள்விகளோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், தொலைதூரத் தீவுக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஒரு தீவுக்கூட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் கடலில், வெளி எபிரைடீஸ் தீவுகளிலிருந்தும் ஏறத்தாழ 64 கி.மீ. தள்ளி இருக்கிறது செயின்ட் கில்டா. செங்குத்தான பாறைகளும் கடற்பறவைகளும் நிறைந்த இடம். மக்கள் வாழ்ந்தது ஹிர்த்தா என்னும் பெரிய தீவில் மட்டுமே. பாறைகளில் கயிறு கட்டி இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்து வந்து, காற்று புகுந்து செல்லும் கல்லறைகளில் உலர்த்தி உண்டு வாழ்ந்தனர். மார்ட்டின் மார்ட்டின் என்பவர் 1697இல் அங்கே சென்றபோது ஏறக்குறைய 180 பேர் இருந்தனர். 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். பின்னர் சுற்றுலாக் கப்பல்கள் வந்தன, நோய்கள் வந்தன, இளைஞர்கள் வெளியேறினர். 1930 ஆகஸ்டு 29 அன்று, எஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே விண்ணப்பித்துக்கொண்டபடி தீவை விட்டு அகற்றப்பட்டனர்.

அதன்பின் நடந்தவை கவனிக்கத் தக்கவை. 1932இல் பக்கத்துத் தீவான சோயேயிலிருந்து 107 ஆடுகள் கொண்டுவரப்பட்டு ஆளில்லாத ஹிர்த்தாவில் விடப்பட்டன. அவை பெருகின, இன்று அறிவியலாளர்கள் அவற்றை ஆண்டுதோறும் எண்ணி ஆராய்கின்றனர். ஆனால் வீடுகளில் மனிதரோடு வாழ்ந்த ஒருவகை எலி, மனிதர் போன சில ஆண்டுகளிலேயே அடியோடு அழிந்தது. அடுப்பும் தானியமும் இல்லாத ஊரில் அதற்கு வாழ வழியில்லை. யுனெஸ்கோ 1986இல் அத்தீவுகளை இயற்கைக்காக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே வாழ்ந்த மனிதரின் பண்பாட்டுக்கும் அந்த மதிப்பு உண்டு என்று ஏற்க மேலும் 19 ஆண்டுகள் ஆயின. 2005இல்தான் அது நிகழ்ந்தது. இந்த ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு நம் கடலுக்குத் திரும்புவோம்.

நெடுந்தீவு யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே உள்ள தீவுகளில் கடைக்கோடியில் இருப்பது. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கி.மீ. மலை இல்லை, ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண் படர்ந்த தட்டையான நிலம். வடக்கிலும் நடுவிலும் பனங்கூடல்களும் குடியிருப்புகளும். தெற்கே செல்லச் செல்ல மரம் குறைந்து புல்வெளி விரிகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் பச்சை, ஏனைய மாதங்களில் காய்ந்த மஞ்சள். ஐந்திணைக் கணக்கில் இதை நெய்தல் என்று சொல்லிவிடலாம். ஆனால் தீவின் உட்புறம் மாடும் புல்லும் தொழுவமுமாக முல்லையின் சாயல் கொண்டது. பசுத்தீவு என்ற பெயரும் இதற்கு உண்டு. போர்த்துக்கீசியரும் தம் மொழியில் 'பசுக்களின் தீவு' என்றே இதை அழைத்தனர்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்தார்க்கே அது கடைசித் தீவு. தமிழகத்தார்க்கோ வரைபடத்தில் மட்டும் காணும் தீவு. ஆனால் அந்த வரைபடத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்று புலப்படும். நேர்கோட்டில் அளந்தால் யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 40 கி.மீ.; இராமேசுவரம் 50 கி.மீ.க்குள். அதாவது நெடுந்தீவு ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. இரு கரைகளையும் ஒரே கடலின் இரு பக்கங்களாகக் கண்ட காலத்தில் அது வழியில் உள்ள ஊர்.

இதற்குச் சான்று பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து பதிப்பித்திருக்கிறார். அயல்நாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற வணிகப் பொருள் கொண்டுவரும் கலம் உடைந்தால் சரிபாதி என்று விதிக்கிறது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் கல் நாட்டி, உடைந்த கப்பலுக்குப் பங்கு வகுக்கிறான் என்றால், அக்கடலில் எத்தனை கலங்கள் சென்றிருக்க வேண்டும், எத்தனை குதிரைகள் அவற்றில் வந்திருக்க வேண்டும்! குதிரைக் கலத்துக்கு மட்டும் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டதிலிருந்தே குதிரையின் அருமை விளங்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளையும் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை பட்டியலிடுவதை வாசகர்கள் அறிவர். மணிமேகலை சென்ற மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் அறிஞரும் உளர். ஆக, தமிழ் இலக்கியத்தின் கணக்கில் இத்தீவுகள் தொலைவில் இருந்தவை அல்ல.

நெடுந்தீவின் குடிவரலாறும் இதையே சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, தமிழகத்திலிருந்து வந்து நெடுந்தீவில் குடியமர்ந்தவராகத் தனிநாயக முதலியைக் குறிப்பிடுகிறது. தீவின் மேற்கே மக்கள் 'வெடியரசன் கோட்டை' என்று வழங்கும் இடத்தில் பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் காணப்படுகின்றன. வெடியரசனோ முக்குவர் கதைகளில் வரும் தலைவன். ஆப்பிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் பெருக்க மரம் ஒன்றும் அங்கே நிற்கிறது. நம் பக்கத்தில் பப்பரப்புளி என்போமே, அதே மரம். பௌத்தம், முக்குவர், அராபியர், தமிழக முதலிகள் என்று இத்தனை வழிகள் வந்து கூடிய இடத்தை ஒதுங்கிய தீவு என்று எப்படிச் சொல்வது?

குதிரைகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1619இல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாண அரசை வென்றனர். 1658இல் டச்சுக்காரர் அவர்களிடமிருந்து பறித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். மேய்ச்சல் நிலமும் சுற்றிலும் கடலும் இருக்கும் தீவு குதிரை வளர்க்க ஏற்ற பட்டி. வேலி வேண்டாம், திருட்டு எளிதன்று. மார்ட்டின் செயின்ட் கில்டாவுக்குச் சென்ற அதே 1697இல், யாழ்ப்பாணத்தில் டச்சுக் கம்பெனியின் ஆட்சித் தலைவராக இருந்த சுவார்டகுரூன் தம் ஆட்சிக் குறிப்பை எழுதினார். தீவுகளில் கம்பெனி நடத்திய குதிரை வளர்ப்பைப் பற்றியும் அது பேசுகிறது. ஸ்காட்லாந்துத் தீவைப் பார்க்கப் போனவர் அங்குள்ள மனிதரின் வாழ்க்கையை எழுதினார். நம் தீவைப் பார்த்தவர் அதன் வருவாயை எழுதினார்.

பெயரும் அப்படித்தான் வந்தது. டச்சுக் கம்பெனிக்குத் தாயகத்தில் ஆறு அவைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இருந்த நகரம் டெல்ஃப்ட். அப்பெயர் நெடுந்தீவுக்குச் சூட்டப்பட்டது. சுற்றியிருந்த தீவுகளுக்கும் லெய்டன், ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம் என்று பெயர் வைத்தனர். அவையெல்லாம் உதிர்ந்துபோயின, நெடுந்தீவுக்கு மட்டும் ஆங்கிலத்தில் அப்பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது. மேலகரத்தில் வாழும் நமக்கு நிலம் பெயர் பெறும் இன்னொரு வழியும் தெரியும். இவ்வூரில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்றே வழங்கலாயிற்று. இங்கே ஒரு நூல் நிலத்துக்குப் பெயராயிற்று. அங்கே ஒரு வணிகக் கம்பெனியின் ஊர் தீவுக்குப் பெயராயிற்று. இரண்டும் அடுத்தடுத்த காலத்து நிகழ்ச்சிகள்தாம்.

ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அதிகாரி தீவின் பொறுப்பில் இருந்து குதிரை வளர்ப்பைத் தொடர்ந்தார். பிறகு அத்தொழில் நின்றது. வளர்த்தவர் போயினர், குதிரைகள் நின்றன. இன்று தெற்குப் புல்வெளியில் கூட்டம் கூட்டமாகத் திரியும் மட்டக்குதிரைகள் அவற்றின் வழிவந்தவை. இவற்றைக் காட்டுக் குதிரைகள் என்று எழுதுவோர் பலர். காட்டில் பிறந்த இனம் அல்ல இவை. கப்பலில் வந்து, கணக்கேட்டில் எழுதப்பட்டு, பின் கணக்கிலிருந்து விடப்பட்ட வீட்டு விலங்குகள். காட்டு விலங்குக்குத் தன் நிலத்தில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற மரபு அறிவு உண்டு. இவற்றுக்கோ நாற்புறமும் உப்புநீர். கோடை நீண்டால் குட்டைகள் வற்றுகின்றன, குதிரைகள் மடிகின்றன. அப்போது மனிதர் இறைத்து ஊற்றும் நீரே அவற்றுக்கு உயிர். செயின்ட் கில்டாவில் வீட்டெலிக்கு நேர்ந்தது நெடுந்தீவுக் குதிரைக்கு நேராமல் இருக்க வேண்டுமானால், கிணறு தூர்வார அங்கே ஆள் இருக்க வேண்டும்.

தீவைப் பார்த்தவர் மறக்காத இன்னொன்று அதன் கல்வேலிகள். முருகைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து ஏதுமின்றி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள் வீட்டு வளவுகளையும் தோட்டங்களையும் சூழ்ந்து செல்கின்றன. ஸ்காட்லாந்துத் தீவுகளிலும் இதே முறையில் சாந்தில்லாக் கற்சுவர்களைக் காணலாம். மரம் அரிதாகவும் கல் மிகுதியாகவும் காற்று ஓயாமலும் இருக்கும் இடத்தில் மனிதக் கை ஒரே முடிவுக்கு வருகிறது போலும். மண்ணில் கிடக்கும் கல்லைப் பொறுக்கினால் பயிரிட இடம் கிடைக்கும். பொறுக்கிய கல்லை அடுக்கினால் மாடும் குதிரையும் பயிரில் வாய் வைக்காது. ஒரே உழைப்பில் இரு பயன். தலைமுறை தலைமுறையாக அடுக்கப்பட்ட அவ்வேலிகளே தீவின் மிகப் பெரிய வரலாற்று ஆவணம் என்பது நம் கருத்து. டச்சுக் கோட்டையின் இடிபாட்டைக் காட்டிலும் அவை கூடுதலாகச் சொல்கின்றன. ஏனெனில் கோட்டையைக் கட்டுவித்தவர் போய்விட்டார், வேலியை அடுக்கியவரின் மக்கள் இன்னும் இருக்கின்றனர்.

இனி, தொலைவு எப்படி வந்தது என்பதைக் காண்போம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாடு பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு வரைந்து, நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்தது. நடுவில் இருந்த ஊர் எல்லை ஊராயிற்று. 1983க்குப் பின் போர். 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். கடல் வழியாக இருந்தது போய் அச்சமாக மாறிய நாள் அது. வன்னிக் குடியேற்றங்களுக்கு முன்பே சிலர் சென்றிருந்தனர். போரில் பலர் வெளிநாடுகளுக்குச் சென்றனர். இன்று தீவில் இருப்போர் நாலாயிரம் பேர் அளவினர். கடலின் அகலம் ஓர் அடிகூடக் கூடவில்லை. தொலைவு மட்டும் கூடியது.

இத்தீவின் வழிவந்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தனிநாயகம் அடிகளின் தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். வைபவமாலை கூறும் அந்த மூதாதையின் பெயரையே அடிகள் தம் பெயராக்கிக்கொண்டார். 1913இல் பிறந்த அவர் தமிழை முறையாகக் கற்றது நம் நெல்லைச் சீமையில், வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில்தான். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை. நிலமும் அதில் வாழும் உயிரும் மனிதரின் ஒழுக்கமும் பிரிக்கக் கூடாதவை என்பது திணைக் கோட்பாடு. அதை ஆங்கிலத்தில் உலகுக்கு விளக்கியவர் அவர். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மூன்றில் ஒன்றை நீக்கினாலும் திணை நிற்காது. பிற்காலத்தில் வ.ஐ.ச. ஜெயபாலன் 'நெடுந்தீவு ஆச்சிக்கு' என்ற கவிதையில் தீவையே ஆச்சியாக விளித்தபோது, அக்கோட்பாடு புதுக்கவிதையிலும் உயிரோடிருப்பதைக் கண்டோம்.

2015 ஜூனில் நெடுந்தீவில் 18.46 சதுர கி.மீ. பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். குதிரைகளுக்குக் காப்புக் கிடைப்பது நல்லதே. அவை மடிவதை யாரும் விரும்பார். ஆனால் முதற்பொருளையும் கருப்பொருளில் விலங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு உரிய மக்களை விட்டுவிடும் பாதுகாப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஹிர்த்தாவின் ஆளற்ற தெருவே சாட்சி. அங்கே மனிதர் போய் 75 ஆண்டுகள் கழிந்த பிறகே அவர்களின் பண்பாடு பட்டியலில் ஏறியது. நெடுந்தீவில் மனிதர் இன்னும் இருக்கின்றனர்.

அவர்கள் கேட்பவை பெரியவை அல்ல. குடிக்க நல்ல தண்ணீர், நாள் தவறாத படகு, மருத்துவர், மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, கதிரவன் வழி மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்தியாவின் நிதியுதவியுடன் 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்லும் உதவி என்ற வகையில் அது நமக்கு மகிழ்ச்சியே. புல்வெளியில் குதிரை நிற்கும் படத்தைப் பார்க்கும்போது, படத்தின் ஓரத்தில் தெரியும் கல்வேலியையும் பார்க்க வேண்டும். அதை அடுக்கியவர்களும் அத்தீவின் இயற்கையில் ஒரு பகுதிதான்; அவர்கள் தங்க வழி செய்தால் குதிரையும் தங்கும்.