786: கட்டத்துக்குள் பிறந்த எண்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கிழக்கிலங்கைக் கரையோரம் நெடுகக் கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் பழைய கலியாணக் கடிதங்களிலும் தலைமாட்டில் 786 நிற்கும். அது ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்ற பிஸ்மியைக் குறிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அரபின் 28 எழுத்துகளுக்கும் 1 முதல் 1000 வரை மதிப்பு வைத்தது அப்ஜத் முறை. அதன்படி பா 2, சீன் 60, மீம் 40 சேர்ந்து ‘பிஸ்மி’ என்ற முதற்சொல் 102, ‘அல்லாஹ்’ 66, ‘அர்ரஹ்மான்’ 329, ‘அர்ரஹீம்’ 289, மொத்தம் 786. எழுதிய எழுத்துக்கு மட்டுமே மதிப்பு. ரஹ்மானில் ஓசையாக மட்டும் நீளும் அலிஃபையும் சேர்த்தால் 787 ஆகிவிடும். ஆக, இது எழுதுகோல் பிடித்தவர்களின் கணக்கு.

காகிதம் காலில் மிதிபடும், குப்பைக்குப் போகும், அதனால்தான் திருநாமத்துக்குப் பதில் எண்ணை எழுதினார்கள் என்பது வழக்கமான விளக்கம். அந்தப் பேணுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சூரியனை வணங்கிய ஸபா அரசிக்கு சுலைமான் நபி அனுப்பிய கடிதமே முழு பிஸ்மியோடு தொடங்கியதாகக் குர்ஆன் (27:30) சொல்கிறது. பேணுதல் இந்த வழக்கம் நிலைத்ததற்குக் காரணமாகலாம். எண் கைவசம் தயாராக இருந்ததற்குக் காரணமாகாது. அது தயாராக இருந்த இடம் தாயத்துத் தகட்டில் கீறும் கட்டம் என்பதே என் வாதம். நேரே, குறுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும். ஒன்பது அறைக்குப் பழைய விதி, தொகையில் 12ஐக் கழித்து 3ஆல் வகுப்பது. 786க்கு 258 வரும். அதிலிருந்து 266 வரை நிரப்பினால் நடு அறையில் 262 அமரும். பதினாறு அறைக்கு 30ஐக் கழித்து 4ஆல் வகுக்க 189. அதிலிருந்து 204 வரை. இரண்டிலும் மீதி இல்லை. மீதி விழுந்தால் இடையில் ஓர் அறையிலிருந்து ஒன்றைக் கூட்டிச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். 12ஆல் வகுத்து 6 மிஞ்சும் எண்கள் மட்டுமே இப்படி இரு கட்டத்திலும் பிசிறின்றி உட்காரும். அதாவது பன்னிரண்டில் ஒன்று. கட்டம் கீறுகிறவருக்கு இதைவிட வசதியான எண் வாய்க்குமா? கடற்கரைப் பள்ளியில் இன்றும் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறும் கல்முனைக்குடி போன்ற ஊரில், ஓதிக்கொடுப்பதும் தாயத்து எழுதுவதும் பெரும்பாலும் ஒரே லெவ்வையின் வேலையாக இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘ஹரே கிருஷ்ணா’வை அரபெழுத்தில் எழுதிக் கூட்டினாலும் 786தானே என்று மறுப்பவர்கள் உண்டு. கணக்கு சரி. ஆனால் அதைக் கேட்டுப் பதறவும் வேண்டாம், ஏளனம் செய்யவும் வேண்டாம். எண்ணற்ற சொற்றொடர்கள் ஒரே தொகைக்கு வந்து சேரும், தொகையிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. பிஸ்மியின் 19 எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு 1970களில் எகிப்தில் பிறந்த உயிர்வேதியியலாளர் ரஷாத் கலீஃபா குர்ஆன் முழுவதும் 19ஐத் தேடினார். 786ஐயே 19ஆல் வகுத்தால் 7 மிஞ்சுகிறது. எண்ணை வசனத்தின் இடத்தில் வைப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மொரோக்கோ பக்கத்து அப்ஜத் வரிசையில் சீனுக்கு 60 அல்ல, 300. அங்கே அதே பிஸ்மியின் தொகை 1026.